செம்மண் தீவும் செந்தேரியும்

தூத்துக்குடியிலிருந்து தென்மேற்கே, புதுக்கோட்டை என்னும் சிற்றூரைக் கடந்து சாயர்புரத்திற்குச் செல்லும் பாதையில், ஓரிடத்தில் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. அதுவரை வெளிறிக் கிடந்த நிலம், செங்கற் சூளையின் பொடியை அள்ளிப் பரப்பினாற்போலச் சிவந்து, மேடும் பள்ளமுமாய் நீண்டு, பனைகளைத் தவிர வேறெந்த மரத்தையும் நம்பாததுபோல் தோன்றுகிறது. இதைத்தான் இப்பிரதேசத்தார் தேரி என்கிறார்கள். ஆனி ஆடி மாதங்களில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று இந்தச் செம்மணலை வாரி வாரி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது; நேற்றிருந்த வரப்பு இன்று மணலுக்குள் புதைகிறது. அந்த மணலைக் கையிலெடுத்து விரலிடையே தேய்த்துப் பார்த்தால், உள்ளே வெண்மையான மணற்பரலும் வெளியே துருவேறிய இரும்பின் சிவப்புமாக, ஒவ்வொரு பரலும் ஒரு மெல்லிய செம்பட்டாடை உடுத்தியிருப்பது தெரிகிறது. இதே தேரிகளில், கற்கால மனிதர்கள் செதுக்கி விட்டுச் சென்ற நகக்கண் அளவேயான கற்கருவிகள் கிடைத்திருப்பதாக, சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் 1956ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த இடங்களுள் சாயர்புரமும் ஒன்று.

பதநீர்க் காலத்தில் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். பனையோலையை மடித்துப் பிடித்த பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்த பெரியவரிடம், போப் பள்ளிக்கூடத்திற்கு வழி கேட்டேன். "போப்பையர் பள்ளிக்கூடந்தான அய்யா? அன்னா, கோயில் கோபுரம் தெரியுதுல்லா, அதையொட்டித்தான்" என்று கையை நீட்டினார். இந்த ஜில்லாவில் கிறிஸ்தவ குருமாரை ஐயர் என்பது பழைய மரியாதை. ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப்பையர் என்று, சாதியோடு சம்பந்தமில்லாமல், கற்றவருக்குரிய பெயராக அது வழங்குகிறது. போப்பையர் எந்த ஊர்க்காரர் என்று வாய்விட்டுக் கேட்டேன். "சீமைக்காரர்" என்றார், ஐயத்திற்கு இடமில்லாமல். நம்மவர் எழுதிய புத்தகங்களுள்ளும் பல அவரை இங்கிலாந்தில் பிறந்தவராகவே காட்டுகின்றன. ஆனால் உண்மை சற்றே விசித்திரமானது. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற்குக் கொண்டுபோன ஜார்ஜ் யூக்ளோ போப், அட்லாண்டிக் சமுத்திரத்திற்கு அப்பால், இன்று கனடா என்று நாம் அழைக்கும் தேசத்தின் மிகச் சிறிய மாகாணத்தில், பெடெக் என்னும் கடலோரச் சிற்றூரில், 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பிறந்தார்.

அந்த மாகாணம் ஒரு தீவு. அதன் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்கள், அலைகளின்மேல் தாலாட்டப்படுவது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், பின்னாளில் விக்டோரியா மகாராணிக்குத் தந்தையான எட்வர்ட் இளவரசரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் மாற்றம் அமுலுக்கு வந்தது 1799ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் இங்கே கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அதே ஆண்டில்தான் தாவீது சுந்தரானந்தம் என்ற தமிழ் உபதேசியார், மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு அடைக்கலமாகத் தேரிக்காட்டில் முதலூரை நிறுவினார். பெயர் கொடுத்த இளவரசர், போப் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் காலமானார். பூகோளப் படத்தில் எத்தனையோ கடல்களால் பிரிந்து கிடக்கும் இவ்விரண்டு பூமிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறபோது என்னை வியக்க வைப்பது வேறொன்று. எட்வர்ட் இளவரசர் தீவின் மண்ணும் சிவப்பு. கடற்கரைப் பாறையும் சிவப்பு, உழவுசால் சிவப்பு, மழைபெய்தால் ஓடும் நீரும் சிவப்பு. தேரியைச் சிவக்க வைத்த அதே இரும்புத் துருதான் அங்கேயும் காரணம்.

அந்தச் செம்மண்ணைப் போப் நினைவில் சுமந்துகொண்டு வந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான், எழுத முடியாது. கார்ன்வாலில் பேட்ஸ்டோ துறைமுகத்தைச் சேர்ந்த ஜான் போப் என்ற வணிகரும், அதே நாட்டின் ஸ்ட்ராட்டனைச் சேர்ந்த கேதரீன் யூக்ளோவும் 1818இல் தீவில் குடியேறி, மகன் பிறந்த சில காலத்திலேயே அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்விட்டார்கள். ஜார்ஜின் தம்பி, பிற்காலத்தில் மெதடிஸ்த சபையின் பெரும் இறையியல் அறிஞராகப் பெயரெடுத்த வில்லியம் பர்ட் போப், 1822 பிப்ரவரியில் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார் என்பதால், மூத்தவர் தீவில் கழித்தது மழலைப் பருவமே என்பது தெளிவு. 1826இல் குடும்பம் இங்கிலாந்திற்குத் திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் தங்கிற்று. தகப்பனார் கப்பல் உடையவராகச் செழித்தார். பையன் வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளில், முதலில் பரி என்ற ஊரிலும் பிறகு லண்டனைச் சேர்ந்த ஹாக்ஸ்டனிலும் படித்தான். பதினான்கு வயதில் தென்னிந்தியாவுக்கு மிஷனரியாகப் போவதென்று அவன் தீர்மானித்ததும், ஹாக்ஸ்டனிலேயே தமிழ் எழுத்தைக் கூட்டத் தொடங்கியதும் உறுதியாகத் தெரிந்த செய்திகள். மாதக்கணக்கில் நீண்ட கப்பற் பிரயாணத்தில் அந்தப் படிப்புத் தொடர்ந்தது. 1839இல் சென்னைத் துறையில் இறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது.

அவர் வந்து சேரவிருந்த திருநெல்வேலிச் சீமை ஐரோப்பியருக்குப் புதிதன்று. தாமிரபரணி கடலில் கலக்கிற முகத்துவாரத்தை வைத்தே ஒரு நீண்ட சரித்திரம் சொல்லலாம். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து கண்டு வியந்த காயல் துறைமுகம், இன்று மணல்மூடிய பழையகாயலே என்று பின்னாளில் நிலைநாட்டியவர் கால்டுவெல். அதற்கு அருகே புன்னைக்காயலில், போர்த்துகலில் பிறந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, தமிழில் அச்சான ஆதிப் புத்தகங்களை ஆக்கினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறிற்று. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் நடமாடினார். இவர்களைப் பற்றியெல்லாம் தனித்தனியே எழுத வேண்டும். இங்கே நான் நின்று பேச விரும்புவது ரேனியஸைப் பற்றி.

கார்ல் தியோபில் எவால்ட் ரேனியஸ் 1790இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1814இல் சென்னை வந்து, 1820ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அதாவது, போப் தொட்டிலில் கிடந்த ஆண்டிலே. பதினெட்டு ஆண்டுகள்தாம் அவர் இங்கே ஜீவித்தார். அதற்குள் பாளையங்கோட்டையில் மக்கள் ஊசிக் கோபுரம் என்றழைக்கும் ஆலயத்தை 1826இல் கட்டி முடித்தார். நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கென்று தருமசங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். விவிலியத்தைத் திருத்தி மொழிபெயர்த்தார். 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்ற புத்தகத்தை எழுதி, உலகத்தின் கண்டங்களையும் சமுத்திரங்களையும் தேசங்களையும் தமிழ் வசனத்தில் விவரித்தார். தமிழில் நவீன சாஸ்திரம் எழுதுவதற்குச் சொற்கள் இல்லாதிருந்த காலத்தில், சொல்லைத் தேடித் தேடி எழுதிய புத்தகம் அது. தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்தாரோடு சபை ஒழுங்கு பற்றி நேர்ந்த மனஸ்தாபத்தால் 1835இல் அவர் விலக நேர்ந்தது. 1838 ஜூனில் காலமாகி, பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அடக்கமானார்.

ஐரோப்பிய தேசத்து மனிதர்களின் பெயர்கள் தமிழ் விகுதி ஏற்று ஊர்ப்பெயர்களாகிவிட்ட விநோதத்தை இந்த ஜில்லாவில்தான் காணலாம். பிரஷ்யாவில் டோனா என்ற பிரபு ஒருவர் ரேனியஸின் பணிக்குப் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் புலியூர்க்குறிச்சியருகே எழுந்த குடியிருப்புக்கு டோனாவூர் என்று பெயராயிற்று. 1901இல் அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேல் அங்கே வந்து, தாயகத்திற்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951இல் அவ்வூர் மண்ணிலேயே அடங்கினார். 'அம்மாய்' என்றே பிள்ளைகள் அவரை அழைத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்த சாயர் என்னும் வணிகர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று தேரியோரம் நிலம் வாங்கிக் கொடுத்ததால் உண்டானது சாயர்புரம். டோனாவும் சாயரும் யாரென்று இன்று பஸ் நடத்துநர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர்களைக் கூவித்தான் அவர்கள் ஜனங்களை ஏற்றுகிறார்கள்.

1842இல் போப் சாயர்புரத்திற்கு வந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 1841இன் இறுதியில், தெற்கே இடையன்குடிக்கு ராபர்ட் கால்டுவெல் வந்து சேர்ந்திருந்தார். 1814இல் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்த கால்டுவெல், ஜனங்களை அறிய வேண்டுமென்று சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே வந்தார் என்பது யாவரும் அறிந்த கதை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் இடையன்குடியில் வாழ்ந்தார். ஒழுங்கற்றுச் சிதறிக் கிடந்த குடிசைகளை நேர்த்தெருக்களாக்கினார், கிணறு வெட்டினார், மரம் வைத்தார், அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்களுக்கு எழுத்தும் பூப்பின்னலும் கற்பித்தார். 1847இல் அஸ்திவாரமிட்ட ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையாயிற்று. அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு நடுவே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு தாய் வயிற்று மக்கள், வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று உலகம் ஒப்புக்கொள்ளச் செய்த அந்தப் பெரு நூல், லண்டன் நூல்நிலையங்களில் மட்டும் உட்கார்ந்து எழுதப்பட்டதன்று. பனங்காட்டு ஜனங்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் எழுதியது. எனினும், இதே கால்டுவெல் 1849இல் அச்சிட்ட ஒரு சிறு நூலில் அந்தப் பனங்காட்டு ஜனங்களைப் பற்றியே இழிவு தோன்ற எழுதினார் என்பதையும், அச்சமூகத்தார் அதனால் ஆழப் புண்பட்டுப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள் என்பதையும் மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நியாயமாகாது. ஒரு மனிதரிடத்தில் இரண்டும் இருந்தன.

போப்பிடம் திரும்புவோம். சாயர்புரத்தில் அவர் கழித்தது ஏழே ஆண்டுகள். 1843இல் அவர் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, பிறந்து வளர்ந்த வெஸ்லியன் சபையை விட்டு அத்திருச்சபையின் எஸ்.பி.ஜி. என்னும் மிஷன் சங்கத்து ஊழியரானார், ஆகையால் அண்ணனும் தம்பியும் இருவேறு சபைகளின் அறிஞர்களாக வாழ நேர்ந்தது. உடனே அவர் சாயர்புரத்தில் ஒரு செமினரியை நிறுவினார். அன்றைய நிலையை மனக்கண்ணால் பாருங்கள்: ஓலை வேய்ந்த குடிசைகளுக்கும் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகளுக்கும் நடுவே, எழுத்தறிவு தம் குலத்திற்கு விலக்கப்பட்டிருந்த பனையேறிகளின் மக்கள் உட்கார்ந்து, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் தத்துவமும் மட்டுமன்றி, லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தார்கள். அத்தகைய பாடத்திட்டத்தை வேறு யார் கண்டாலும் நகைத்திருப்பார்கள். போப் நகைக்க இடம் கொடுக்கவில்லை. அவர் கண்டிப்பு மிக்கவர், பிரம்பை நம்பியவர், மாணவர்களுக்கு அவரிடம் அன்பைவிட அச்சமே முதலில் உண்டாயிற்று என்று சொல்வார்கள். ஆனால், ஏட்டைக் கண்டிராத வீட்டுப் பிள்ளைக்கு ஹோமரின் மொழியைக் கற்பிக்கலாம் என்று கருதிய மனிதர், அப்பிள்ளையின் புத்தியைத் தம் சொந்தப் பிள்ளையின் புத்திக்குச் சமமாக மதித்தார் என்பதை நாம் மறுக்கக் கூடாது. அந்தச் செமினரி வளர்ந்து உயர்ந்து, 1883இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்து, கால்டுவெல் கல்லூரியாயிற்று.

அந்த ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த துக்கத்தையும் சொல்ல வேண்டும். 1841இல் அவர் மணந்த மேரி கார்வர், நான்கே ஆண்டுகளில், 1845இல், தூத்துக்குடியில் மாண்டார். இருபத்தைந்து வயதில் மனைவியை இழந்து, வெக்கை தகிக்கும் தேரியில், பிரம்போடும் புத்தகத்தோடும் தனித்து நின்ற அந்த இளைஞரை நினைக்கிறபோது, அவருடைய கடுமைக்கு ஒரு சிறிது காரணம் புரிகிறது.

ஆனால் இந்தக் கட்டுரை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. போப் தமிழ் கற்ற கதையை நாம் எப்போதும் பாதியாகவே சொல்லி வருகிறோம். கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர், தம் பேருழைப்பாலும் கூர்மதியாலும் தமிழைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தார் என்பது நாம் பள்ளியில் கேட்ட கதை. கண்டெடுக்க அது காணாமற்போன பொருளா? சாயர்புரத்தைச் சுற்றியுள்ள பூமி எத்தகையது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சில கல் தொலைவில் தாமிரபரணி. அதன் கரையில் குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டம். அதை அடுத்து நம்மாழ்வாரின் திருநகரி. கீழ்த்திசையில், சங்ககாலத்தில் முத்துக் குளித்த கொற்கை. அந்த ஆற்றங்கரை ஊர்களில், ஒவ்வொரு அக்கிரகாரத்திலும் பிள்ளைமார் தெருவிலும், மடத்திலும் திண்ணையிலும், நன்னூலும் திருக்குறளும் ஏட்டிலும் நாவிலும் உயிரோடிருந்தன. தமிழ் கற்பிக்க வல்ல வித்வான்கள் அங்கே இருந்தார்கள். கற்றுக்கொள்ள வல்லவர்தாம் கடல் கடந்து வந்தார்.

ரேனியஸுக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். போப்புக்கு ஆசிரியர் இருவர். சென்னையில் இராமாநுச கவிராயர். அவர் திருக்குறள் உரைப் பதிப்பு முதலியவற்றால் அன்றைய புலவர் உலகில் பேர்பெற்றவர். சாயர்புரத்தில் ஆரியங்காவுப் பிள்ளை. இந்த இரண்டாவது பெயரைச் சொல்லுகையில் என் மனம் கொஞ்சம் தயங்கி நிற்கிறது. போப்பின் வரலாற்றில் ஒரு வரியாக மட்டும் அது வருகிறது, வந்து மறைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை விடியற்காலைகள் அடங்கியிருக்கின்றன! தமிழில் ஒரு வெண்பாவைப் பொருள்கொண்டு படிப்பதென்பது, சீர் பிரித்துச் சொல்லி, சந்தி பிரித்து, அன்வயம் கண்டு, பதவுரை கூறி, பிறகு கருத்துரைக்கு வருவது. அதை ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாலன்றிப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இயலாது. அக்காலத்தில் புத்தகந்தான் ஏது? ழகரத்திற்கு நாக்கை எங்கே மடிப்பது என்பது முதல், குறளில் விடுபட்ட சொல்லை எப்படி வருவிப்பது என்பது வரையில், ஒவ்வொன்றும் ஒரு தமிழ் வாயிலிருந்து அந்த அன்னியக் காதிற்குப் போயிற்று. பின்னாளில் போப் சிறுவர்க்கெழுதிய இலக்கண வினாவிடைகளைப் பாருங்கள்: கேள்வி கேட்டு, விடை சொல்லி, உதாரணம் காட்டி, மறுபடி கேள்வி கேட்கும் அந்த முறையில், திருச்சபையின் ஞானோபதேச வினாவிடையின் சாயல் இருப்பது உண்மை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் குரலும் அதில் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

1849க்குப் பிறகு போப் இந்தத் தேரிக்கு ஊழியராகத் திரும்பவில்லை. இங்கிலாந்து சென்று மீண்டு 1851இல் தஞ்சைக்குப் போனார்; அங்கே சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு ஒழிக்க வேண்டுமென்ற அவருடைய பிடிவாதம், முதிய கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயக சாஸ்திரியார் போன்றோருடன் கசப்பில் முடிந்தது. நோக்கம் சரி, நடந்துகொண்ட விதம் முரடு. பிறகு உதகமண்டலத்தில் ஒரு பள்ளி, பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளி என்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதில் இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்த இடைவெளியில்தான் அவர் பிறந்த தீவின் தலைவிதியும் மாறிற்று. 1864 செப்டம்பரில், அத்தீவின் தலைநகரான சார்லட்டவுனில், வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் மாகாணத் தலைவர்கள் கூடி, ஒரே நாடாக இணைவதைப் பற்றி முதன்முதலாகப் பேசினார்கள். 1867இல் கனடா என்ற கூட்டாட்சி பிறந்தது. ஆனால் அந்தப் பேச்சு நடந்த தீவு மட்டும் ஆறாண்டுகள் ஒதுங்கியிருந்து, 1873இல்தான் அதில் சேர்ந்தது. போப் பிறந்தபோது அத்தீவு கனடா அல்ல. அது கனடாவானபோது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று, இருப்பிடம் பெங்களூர். ஆகவே அவரைக் கனடா தேசத்தவர் என்று சொல்வதும் முற்றும் பொருந்தாது. கார்ன்வால் குடும்பம், செம்மண் தீவில் பிறப்பு, தேரியில் கல்வி என்று அவருடைய ஜாதகத்தை எழுதுவதே பொருத்தம்.

1880களின் தொடக்கத்தில் இந்தியாவை விட்டுச் சென்று ஆக்ஸ்போர்டில் குடியமர்ந்த பிறகுதான், தாமிரபரணிக் கரையில் விதைத்தது விளைந்தது. 1884இல் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1888 முதல் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தார். 1886இல் திருக்குறள் முழுவதும் ஆங்கிலச் செய்யுளாக வெளிவந்தது. அதற்கு முன்னோடியாக வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் ஆக்கி வைத்திருந்தார். சென்னையில் அதிகாரியாயிருந்த எல்லிஸ் துரையின் உரைப்பகுதியும் இருந்தது. போப் இவ்விரண்டையும் நன்றியோடு பயன்படுத்திக்கொண்டார். வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ உபதேசம் கேட்டிருக்கக் கூடும் என்று அவர் முன்னுரையில் ஊகித்தது தவறு. அதற்குச் சான்றில்லை என்பதைத் தமிழறிஞர்கள் அப்போதே எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த ஊகத்திலிருந்து அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதற்கு, பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த திருவாசகமே சாட்சி. 1893இல் நாலடியார் வந்தது. திருவாசகத்தைத் தொடங்கலாமா என்று தயங்கிய நேரத்தில், பேலியல் கல்லூரியின் தலைவரும் பிளேட்டோவை மொழிபெயர்த்தவருமான ஜோவெட்டிடம், எனக்கு வயதாகிவிட்டது, முடிப்பேனென்று நம்பிக்கையில்லை என்று போப் சொன்னாராம். கல்லூரி முற்றத்தில் இருவரும் உலாவிக்கொண்டிருந்த வேளை அது. பெருங்காரியம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ வழி. அது முடியும்வரை நீர் வாழ்வீர் என்ற கருத்துப்பட ஜோவெட் பதிலளித்தார். ஜோவெட் 1893இல் மறைந்தார். போப் வாழ்ந்தார். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தம்முடைய எண்பதாவது பிறந்த நாளில், திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் கையெழுத்திட்டார்.

ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவர், எண்பது வயதில், சைவ சமயத்தின் உயிர்நூலை மொழிபெயர்த்து அதன் பக்தியின் முன் தலைவணங்கி நின்றதில், மதம் பரப்ப வந்த பத்தொன்பது வயது இளைஞனை அடையாளம் காண்பது கடினம். அவர் தம் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. கடைசி நாள் வரை குருவாகவே இருந்தார். ஆயினும் மணிவாசகரின் சொல்லில் அவர் கேட்ட குரல் அவருக்கு அன்னியமாக இல்லை. அதற்குள் அவர் உ. வே. சாமிநாதையருடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டிருந்தார். புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலமாக்கினார். 1906இல் ராயல் ஏஷியாடிக் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

1908 பிப்ரவரி 11ஆம் நாள் போப் காலமானார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறிக்கச் சொன்னார் என்ற கதை நம் நாட்டில் பாடப்புத்தகம் வரையில் பரவியிருக்கிறது. அந்தக் கல்லில் அப்படி எழுதியிருக்கவில்லை. அங்கே இருப்பது, தென்னிந்தியாவைச் சேர்ந்த போப் என்ற அறிமுகமும், பல்கலைக்கழகத்திலும் பேலியலிலும் அவர் வகித்த பதவிகளும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு அக்கல்லை நாட்டினார்கள் என்ற செய்தியும். எனக்கு இந்த உண்மை அந்தக் கதையைவிட மேலாகப் படுகிறது. இறக்கும் மனிதர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டதாக ஒரு வாசகத்தைக் கற்பிப்பதைவிட, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவருடைய நண்பர்கள் ஒரு கல்லுக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள் என்பதில் அல்லவா தமிழனுடைய நன்றி தெரிகிறது! அதே 1908ஆம் ஆண்டில்தான், எட்வர்ட் இளவரசர் தீவைச் சேர்ந்த எல். எம். மான்ட்கோமரி என்ற அம்மையார், அந்தச் செம்மண்ணையும் அதில் வளரும் அநாதைச் சிறுமி ஒருத்தியையும் வைத்து எழுதிய நாவல் வெளிவந்து, அத்தீவின் பெயரை உலகமெங்கும் பரப்பிற்று. போப் பிறந்த பெடெக்கை அடுத்த கீழ்ப் பெடெக் பள்ளியில் அந்த அம்மையார் முன்பு சிலகாலம் ஆசிரியையாக இருந்தவர்.

சாயர்புரத்தில் இப்போது போப்பின் பெயரில் பள்ளி இருக்கிறது. 1962இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது. அன்று பள்ளியைப் பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்த பின் திரும்பி வருகையில், பதநீர்க்காரர் வெறும் கலயங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பனையடியில் சாய்ந்திருந்தார். என் செருப்பு முழுவதும் செம்மணல். அவர் அருகே உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டே, போப்பையருக்கு இந்த ஊரில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் ஆரியங்காவுப் பிள்ளை என்று ஒருவர், அவர் பெயரைக் கேள்விப்பட்டதுண்டா, வீடு வாசல் எங்கேயாவது இருந்ததாகச் சொல்வார்களா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார், உண்மையிலேயே யோசித்தார்.

"ஆரியங்காவு மேக்க மலையிலல்லா இருக்கு, அய்யா" என்றார் கடைசியில். "இங்கன அந்தப் பேருல யாருமில்லியே."